வில்பர்ட் சமம்

முதல் பனி விழுந்து மதியம் வரைக்கும் தரையில் உருகாமல் கிடந்தால், அன்றைக்கு எங்கள் முகாமில் பெட்டி பிரிக்கும் நாள்.

கனடாவின் வடக்கே, டாசன் ஊருக்குக் கிழக்கே தொடங்கி வடகடல் வரைக்கும் போகிற சரளைச் சாலையில், இருநூறாவது கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் சாலைப் பராமரிப்பு முகாம். எட்டு ஆட்கள், தரையைத் தகட்டால் சீவிச் சமன் செய்கிற கிரேடர் எந்திரம் மூன்று, ஒரு சமையலறை. மற்றபடி மலையும் கரடியும்தான். கோடை வந்தால் இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருவார்கள். வழியில் கடை கிடையாது, எல்லாச் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு ஏறவும் முடியாது. அதனால் பாதியைப் பெட்டியில் கட்டி, முன்கூட்டியே லாரியில் எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டியின் மேல் பெயரும் வந்து சேரும் தேதியும் எழுதியிருக்கும். கரடி மோப்பம் பிடிக்காதபடி இரும்புக் கொட்டகையில் வைத்துப் பூட்டுவோம்.

பாதிப் பேர் வந்து வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பேர் வர மாட்டார்கள். முழங்கால் போயிருக்கும், மழை பயமுறுத்தியிருக்கும், கூட வந்தவனோடு சண்டை வந்திருக்கும். லாரியை நிறுத்தி ஏறித் திரும்பிப் போயிருப்பார்கள். அவர்களுடைய பெட்டிகளைத்தான் முதல் பனி அன்று மேசையில் வைத்துப் பிரிப்போம். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியாது. விதி ஒன்றே ஒன்று. பிரித்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது, யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

சாப்பாட்டைப் பார்த்து ஆளைச் சொல்வது எங்களுக்குப் பெரிய விளையாட்டு. ஒரு பெட்டியில் பதினெட்டு குழாய் கடுகுப் பசையைத் தவிர உருப்படியாக ஒன்றும் இல்லை. இன்னொன்றில் நாளைக்கு ஆறு என்று பாதாம் பருப்பை எண்ணிப் போட்ட சின்னச் சின்னப் பைகள். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அடுத்தவன் போக முடியாமல் போனதை வருஷா வருஷம் உட்கார்ந்து தின்றிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அந்தப் பெட்டிகளை வாங்கி, அடுக்கி, தேதிவாரியாகச் சீட்டு ஒட்டிப் பூட்டி வைத்தவள் முகாமின் சமையல்காரி பெர்னிஸ். எனக்கு அக்கா. என் பெரியம்மா மகள். நாங்கள் இரண்டு பேரும் சாலையின் வடக்குப் பகுதியில், பீல் ஆற்றங்கரையில் இருக்கிற குவிச்சின் பழங்குடி ஊரில் பிறந்தவர்கள். முப்பத்துமூன்று வயதில், மகளை ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க வைக்கப் பணம் வேண்டும் என்று ஒரே ஒரு கோடைக்கு இங்கே வந்தவள், இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டாள். மகள் படித்து வான்கூவரில் நர்ஸாகி, கல்யாணமும் ஆகிவிட்டது. அக்கா அதே அடுப்படியில்தான் நின்றாள்.

சைக்கிள்காரர்கள் வந்து சேரும்போது பார்க்க வேண்டும். முகமெல்லாம் கொசுக்கடி வீங்கி, சேறு காய்ந்து, வாய் திறந்து பேச முடியாத பசியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அக்கா ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். பெரிய கிண்ணத்தில் கரிபூ மான் சூப்பை ஊற்றி முன்னால் வைப்பாள். அவர்கள் முதல் கரண்டி வாயில் வைக்கும்போது கண் சொருகும். அதைப் பார்த்துக்கொண்டு அக்கா துண்டால் கை துடைத்தபடி நிற்பாள்.

ஒரு நாள் அப்படி நின்றவள் என்னிடம் சொன்னாள்.

"வில்பர்ட்டு, நான் இதுவரைக்கும் எங்கயுமே பசியோட போய்ச் சேர்ந்ததில்லடா."

"ஏன், போன வாரம் பிளாட் டயராகி லாரியில அஞ்சு மணி நேரம் கெடந்தியே?"

"அப்பக்கூட மடியில ரொட்டி வச்சிருந்தேன். நான் சொல்றது வேற. ஒரு தடவையாவது இந்த மாதிரி செத்துச் சுண்ணாம்பாகிப் போய் எங்கயாவது சேரணும். அங்க வேற யாராச்சும் எனக்கு சூப் வைக்கணும். நான் உக்காந்து குடிக்கணும். அவ்வளவுதான்."

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில், பாதியில் ஓடிப்போன ஒரு பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன சைக்கிளைக் கொட்டகையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் மெக்கானிக் ஆல்வின் முன்னால் நிறுத்தினாள். அந்த ஆள் ஆறடிக்கு மேல் இருப்பான் போல. ஆல்வின் இருக்கையை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினான்.

"கால் எட்டுதா?"

"பெருவிரல் எட்டுது."

"போதும். கடலைப் பார்க்கப் போறவளுக்கு பெருவிரல் போதும்."

அப்படித் தொடங்கியது. சாலை தொடங்குகிற இடத்திலிருந்து கடல் வரை எண்ணூற்று எண்பது கிலோமீட்டர். பதினான்கு நாள். மளிகை எழுதுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில் திட்டம் போட ஆரம்பித்தாள். மாவு நிறுக்கிற தராசில் எல்லாவற்றையும் நிறுத்தாள். கூடாரம், காலுறை, சீப்பு, சோப்பு. சீப்பைப் பாதியாக உடைத்துத் திரும்ப நிறுத்தாள். எட்டு கிராம் மிச்சம் என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். ஆட்கள் கை தட்டினார்கள். கொசு மருந்தையும் அதே தராசில் நிறுத்ததால் ரொட்டியில் அந்த வாசனை வந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

என்னிடம் அவள் கேட்டது ஒரு பட்டியல். நான் இருபத்தெட்டு வருஷமாக இந்தச் சாலையைக் கிரேடரால் சீவிக்கொண்டிருக்கிறவன். என்னை விட்டால் இதைத் தெரிந்தவன் யார்? ஒவ்வொரு கிலோமீட்டரும் எப்படி என்று எழுதிக் கொடு என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன். 'நூற்றுப் பன்னிரண்டு, இடது பக்கம் பள்ளம். நூற்றுப் பதினெட்டு, கரை இளகும், மழையில் ஓரமாகப் போகாதே. நூற்றைம்பத்தாறு, ஓடைத் தண்ணீர் குடிக்காதே, கந்தகம்.' மேடு எங்கே, சமம் எங்கே என்று தனி வரிசை.

அந்த வரிசைதான் என் லட்சணத்தைக் காட்டிக்கொடுத்தது. கிரேடரில் உட்கார்ந்திருக்கிறவன் மலையைப் பார்ப்பதில்லை. அவன் கண் எப்போதும் தகட்டின் நுனியில் இருக்கும். கல் எங்கே எழும்புகிறது, குழி எங்கே, மண் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, அவ்வளவுதான் அவன் உலகம். கியரை மாற்றாமல் போக முடிகிற இடமெல்லாம் எனக்குச் சமம். இருபது டன் இரும்புக்கு எது சமமோ அதை ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளைக்கும் சமம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புவாள். ஜூன் கடைசியில் ஒரு நாள் இருநூற்றுப் பதினான்காவது கிலோமீட்டரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவளை என் கிரேடரிலிருந்து பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"என்னக்கா, எறங்கிட்ட?"

"உன் பட்டியல்ல இங்க என்னடா எழுதியிருக்க?"

"சமம்னு எழுதியிருக்கேன்."

"நீ ஏறி மிதிடா இதை. உன் சமத்தை நீயே மிதி."

விஷயம் முகாமுக்குப் போயிற்று. ஆல்வின் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு லாரியில் போய் அந்த இடத்தில் மண்டியிட்டு வைத்துப் பார்த்தான். நூறு அடிக்கு நாலு அடி ஏற்றம். மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு. அவன் ரசமட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததை நான் மறக்க முடியாது.

"ஐயாமார்களே, புது அளவு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கு. மேடு இருக்கு, பள்ளம் இருக்கு, இப்ப வில்பர்ட் சமமும் இருக்கு."

அக்காதான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள். அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. லாரி எங்கே திணறினாலும் வில்பர்ட் சமம். கதவு இறுகினால் வில்பர்ட் சமம். ஒத்திகையில் அக்கா எங்கே இறங்கித் தள்ளினாலும், வந்து என்னைப் பார்த்து, "இன்னிக்கு நாலு வில்பர்ட் சமம்டா" என்பாள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. நாலு, ஏழு, பதினொன்று. என் பட்டியல்தான் குப்பை என்று எல்லாருக்கும் தெரியுமே, அதனால் அவள் களைப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. களைப்புக்குக் காரணம் ஏற்கெனவே கையில் இருந்தது. அந்தக் காரணம் நான்.

இனி சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முகாமுக்குத் தெற்கே சாலை ஒரு இடத்தில் அகலமாகும். அவசரத்துக்குச் சின்ன விமானம் இறங்குவதற்காக அப்படிப் போட்டது. அந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் நான் மட்டக்கயிறு கட்டிச் சீவுவேன். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். ஆகஸ்ட் மாதம் ஒரு மதியம் அங்கே வேலையாக இருந்தேன். அக்கா அன்றைக்குத் தெற்குப் பக்கமாகச் சைக்கிளில் வந்தாள். ஓடுதளத்தின் நடுவில் சைக்கிள் தானாக நின்றது. கால் ஊன்றினாள். கைப்பிடியின் மேல் குனிந்து மூச்சு வாங்கினாள். காற்றே இல்லை, மழை இல்லை, சேறு இல்லை. நான் கிரேடரின் சத்தத்தை நிறுத்தினேன். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இதுவும் வில்பர்ட் சமம்தான் போல."

நான் சிரித்தேன். அது சமம் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. ஆனாலும் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

செப்டம்பரில் அவளுடைய பழைய பூட்ஸில் கால் நுழையவில்லை. ஒரு அளவு பெரியது வரவழைத்தாள். "சைக்கிள் மிதிச்சா கால் சதை போடும்னு சொல்றாங்களே, அதுதான்" என்றாள். காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும். "வயசாகுதுடா" என்பாள். குளிர்காலத்தில் மதியம் ஆனதும் மாவு மூட்டை மேல் சாய்ந்து தூங்கிவிடுவாள். சூப்பில் உப்பு ஏறியது, சில நாள் உப்பே இல்லை. எட்டு ஆம்பளைகள் அந்தச் சூப்பைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

ஆனால் திட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. ஜூன் இருபத்தொன்றாம் தேதி புறப்பாடு. லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்கு லாரியில் சாலை தொடங்குகிற இடத்துக்குப் போய், மறுநாளிலிருந்து மூன்று நாள் மிதித்து, இருபத்துநாலாம் தேதி மாலை எங்கள் முகாமிலேயே வந்து இறங்குவதாக ஏற்பாடு. மே மாதத்தில் தனக்கான முதல் பெட்டியைக் கட்டினாள். மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரியே மேலே பெயர், தேதி, சீட்டு எல்லாம் ஒட்டி, தன் கையாலேயே இரும்புக் கொட்டகையில் அடுக்கிப் பூட்டினாள்.

"சொந்த ஸ்டோருக்குச் சொந்தப் பார்சலா? உனக்கே ஓவரா இல்ல?" என்றேன்.

"முறைன்னா முறைதான். இருபத்துநாலாம் தேதி நான் சமையல்காரி இல்ல. வழிப்போக்கி. வந்து கதவைத் தட்டுவேன். அன்னிக்கு யாருடா சூப் வைப்பா?"

"ஆல்வின் வைப்பான்."

"அவன் வச்சா நான் நேராக் கடலுக்கே போயிடுறேன்." கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். "நீயும் வரியாடா?"

"எங்க?"

"கடலுக்கு. பதினாலு நாள்தான். நம்ம ஊர் வழியாத்தான் போகுது."

"என் கிரேடருக்குப் பெடல் வச்சதும் சொல்லியனுப்பு" என்றேன். எனக்கே அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. அவளும் உதட்டைச் சுழித்துச் சிரித்தாள்.

ஜூன் ஆறாம் தேதி காலையில் அடுப்படியில் விழுந்துவிட்டாள். மாவுப் பாத்திரம் கவிழ்ந்து முகமெல்லாம் மாவு. மூச்சு அன்றைக்கு ஓடுதளத்தில் கேட்ட அதே மூச்சு, ஆனால் நிற்கவில்லை. டாசன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். லாரியில் ஏற்ற வேண்டாம், விமானம் அனுப்புகிறோம், தளத்தைத் தயார் செய்யுங்கள் என்றார்கள். தயார் செய்வது என் வேலை. போய்ச் சீவினேன். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் சீவியதில்லை.

அவள் கால் ஊன்றி நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் விமானம் நின்றது. படுக்கையில் கட்டி ஏற்றும்போது என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நல்லா சமமா வச்சிருக்கடா" என்றாள்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இங்கே பக்கத்தில் இரத்தம் சுத்தம் செய்கிற எந்திரம் கிடையாது என்பதால் வான்கூவருக்குக் கொண்டுபோய், மகள் வீட்டருகே வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் எந்திரத்தோடு கட்டிப் போட்டிருப்பார்கள். ஒரு முறை தவறினாலும் நெஞ்சில் தண்ணீர் ஏறும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மகள் போனில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள், "ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாமாம் மாமா" என்றாள்.

ஒரு வருஷம் முன்னாடி என்றால் ஆகஸ்ட் மாதத்துக்கும் முன்னாடி. ஆகஸ்டில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கொஞ்சமாவது முன்னாடி. 'அக்கா, இது சமம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் அவள் போக முடியாது என்று எனக்குத் தோன்றியதா, இல்லை சிரிப்பு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேனா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நான் கெட்டவன்தான்.

ஜூன் இருபத்துநாலு வந்தது, போயிற்று. அன்று மாலை இரண்டு நார்வேக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். புதுச் சமையல்காரன் டப்பா சூப்பைச் சூடாக்கி வைத்தான். கொட்டகைக்குப் போய் அவர்கள் பெட்டியை எடுக்கும்போது அக்காவின் பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது. கனமாக இருந்தது. எட்டு கிராமுக்காகச் சீப்பை உடைத்தவளின் பெட்டி இவ்வளவு கனமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடிக்கடி போன் செய்வாள். எந்திரத்தில் இருக்கும்போதுதான் பேச நேரம் கிடைக்கும். "ரெண்டு நாளுக்கு நடுவுல எவ்வளவு தூரம் மிதிக்கலாம்னு கணக்குப் போட்டேன்டா" என்றாள் ஜூலையில். "போக முப்பது, வர முப்பது. இந்த ஊர்ல முப்பது கிலோமீட்டர் போனா இன்னும் வீடுதான் வருது." ஆகஸ்டில், "அடுத்த வருஷம் பெட்டியில வைக்கிற மாதிரி சின்னதா எந்திரம் வந்துடுமாம்" என்றாள். நான் ஆமாம் என்றேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு மாதிரி சிரிப்பாள். "ஆசைப்பட்ட மாதிரியே நடக்குதுடா. நான் உக்காந்திருக்கேன், வேற யாரோ சூப் வைக்கிறாங்க. உப்பு இல்லாம, அரைக் கிண்ணம். அதுக்கு மேல குடிக்கக் கூடாதாம்."

செப்டம்பர் பதினெட்டாம் தேதி பனி விழுந்தது. மதியம் வரை உருகவில்லை. ஆல்வின் வராதவர்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஐந்து பெட்டி. ஐந்தாவது அக்காவுடையது.

"இது வேண்டாம்" என்றேன்.

"அவதான் போன் பண்ணிச் சொன்னா. மொறைன்னா மொறையாம்" என்றான் ஆல்வின். "நீயே பிரிக்கணுமாம்."

கத்தியால் கட்டை அறுத்தேன். மேலே புகையில் காய்ந்த கரிபூ இறைச்சி, மெலிசாக அரிந்து துணியில் சுற்றியது. எங்கள் ஊர்ப் பானக் ரொட்டிக்கான மாவு, நிறுத்து, பையில் கட்டி, பை மேல் கிராம் எழுதியது. ஓட்ஸ். காய்ந்த சூப் தூள், அவள் கையாலேயே செய்தது. எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தது. இரண்டு கிண்ணம். இரண்டு கரண்டி. அதற்குக் கீழே நான் மட்டும் குடிக்கிற, மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கிற அந்தக் கறுப்புத் தேயிலைப் பொட்டலம். என் நெஞ்செரிச்சல் மாத்திரை ஒரு பட்டை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒன்று பெரிய அளவு. என் அளவு.

அடியில் மளிகைச் சீட்டு ஒன்று, அவள் கையெழுத்தில்.

'நாள் நாலு. புறப்பாடு. வில்பர்ட் இருநூற்றுப் பதினாலில் முனகுவான். ஒரு மணி நேரம் ஓய்வு. தேநீர் கொடுத்தால் சரியாகிவிடுவான். நாள் ஐந்து. மறுபடி முனகுவான். கண்டுகொள்ள வேண்டாம்.'

நான் சீட்டை மேசையில் வைத்தேன். ஆல்வின் எடுத்துப் படித்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"வசந்தத்துல நான் ஒரு சிவப்பு சைக்கிள் சரி பண்ணிட்டிருந்தேனே, அது யாருக்குன்னு நெனச்ச?" என்றான்.

"நீ விக்கறதுக்குன்னு நெனச்சேன்."

"இருக்கையை எவ்வளவு ஏத்தணும்னு அவ உன் பழைய கால்சட்டையைக் கொண்டுவந்து அளந்தாடா."

போனை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனேன். செவ்வாய்க்கிழமை, எந்திரத்து நாள். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தாள்.

"பிரிச்சாச்சா?"

"ஆச்சு."

"காலுறை சரியா இருக்கா?"

"நீ ஏன்க்கா சொல்லல?"

"சொன்னேனே. நீதான் பெடல் வைக்கச் சொன்ன."

அவள் பக்கத்தில் எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடி, அவள் எப்போதும் சொல்வதையே எடுத்தேன்.

"அடுத்த வருஷம் போலாம்க்கா. ரெண்டு பேருமே. நான் குளிர்காலத்துல ஒத்திகை பார்க்கிறேன்."

அவள் அதைக் காதில் வாங்காத மாதிரி வேறு கேட்டாள்.

"வில்பர்ட்டு, அன்னிக்கு விமானத் தளத்துல நான் கால் ஊணி நின்னேனே. அது சமம்னு உனக்குத் தெரியும்தானே?"

கதவு வழியாக வெளியே பார்த்தேன். பனியில் என் கிரேடரின் சக்கரத் தடம் தெரிந்தது.

"தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும்டா" என்றாள். "அதை நான் சொல்லியிருந்தா அன்னிக்கே டாசனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. அப்புறம் பெட்டி கட்டியிருக்க முடியாது. நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். நீ சிரிச்ச. சரி, இவனும் நான் போகணும்னுதான் நினைக்கிறான்னு நானும் சிரிச்சுட்டேன்."

"அக்கா, அடுத்த வருஷம்..."

"வேண்டாம்டா." இருபத்தாறு வருஷத்தில் எத்தனை வெள்ளம், எத்தனை காட்டுத்தீ, எத்தனை மூடிய சாலை. எதற்கும் அவள் அடுத்த வருஷம் என்றுதான் சொல்வாள். இப்போதுதான் முதல் முறையாக வேண்டாம் என்றாள். "அடுத்த வருஷம் எதுவும் கெடையாது. அதெல்லாம் வேற ஆளுங்களுக்கு. போய் உக்காரு. மிச்சம் வைக்காதீங்க. அந்தச் சூப்புல நான் நல்லா உப்புப் போட்டிருக்கேன்."

போனை வைத்துவிட்டாள்.

ஆல்வின் தண்ணீரைக் கொதிக்கவைத்து அவள் சூப் தூளைக் கரைத்திருந்தான். ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தான். எனக்குப் பசி இல்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். மற்றவர்கள் இறைச்சியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்து மொத்தத்தையும் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.